பத்தியக் கோழி ஜெசிந்தினி

ஜெசிந்தினி அக்காவை நான் முதலில் பார்த்தது பதுளையில், பிரதேச செயலகத்தில், என் மேசைக்கு முன்னால். அபிவிருத்தி உத்தியோகத்தராக நான் அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது கடிதம், விண்ணப்பம், முறைப்பாடு என்று எதுவானாலும் "நம்ம புள்ள அங்கதான் இருக்கு, போ" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமைதான்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். தேய்த்து மடிப்புக் கலையாத சேலை. கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் ஒன்று. அதை என் கோப்புகளின் மேலேயே வைத்தார்.

"யாருக்கு எழுதணும்க்கா?"

"யாருக்கும் எழுத வேணாம் தம்பி. ஒருத்தன் எழுதிக் குடுத்த மாதிரி எழுதணும். கையெழுத்து அவன் வைப்பான்."

"அவரு சம்மதிச்சிட்டாரா?"

"இன்னும் இல்ல. சம்மதிப்பான். பசி வரட்டும்."

அவர் சொன்ன விபரத்தைக் கேட்டு, அலுவலகத்தில் நான் பழகியிருந்த மொழியில் எழுதினேன். "மேற்படி உணவில் மாசித்தூள் சேர்க்கப்பட்டமை தொடர்பாக எனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று வாசித்துக் காட்டினேன்.

"யாரு சேத்தா?" என்றார் அக்கா.

"அதான்க்கா, சேர்க்கப்பட்டமை..."

"மாசி தானா கடல்லேருந்து எந்திரிச்சு, பதுள பஸ்ஸப் புடிச்சு வந்து சட்டில விழுந்துச்சா? 'நான் போட்டேன்'னு எழுதுங்க. கெம்பஸ் போன புள்ள, இது கூடவா வராது?"

பக்கத்து மேசை றஷீனா மிஸ் சத்தமில்லாமல் சிரித்தது எனக்குத் தெரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆறே வரி. அக்கா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நாலாக மடித்துக் கேரியரின் மேல் தட்டில் வைத்து மூடினார்.

அந்த ஆறு வரிக்குப் பின்னால் இருந்த கதையை அக்காவே சொன்னார். மீதியை அவரோடு வேலை செய்த ரெங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் ஜெசிந்தினி அக்கா. எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை எடுத்தார். முப்பத்து மூன்று வயதில் குவைத்துக்குப் போனார். பதினொரு வருடம் ஒரே வீடு. அந்த வீட்டுக் கிழவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, சீனி வியாதி வேறு. எதை எவ்வளவு தின்னலாம் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே அக்கா பத்தியச் சமையல் படித்தார். கிழவி செத்த பிறகு, அவளுக்காகத் தினமும் கோழி வேகவைத்த ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "நேரம் கெடைக்கல தம்பி" என்பார்.

மின்சாரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றி, ஏழெட்டு மணி நேரத்தில் இறைச்சியை வேகவைக்கும் அந்தச் சட்டியை லயத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். "எங்க வீட்டுக் கோழிக்கு அரைப்பேரு கூட வேணாம், அதுக்குள்ள வெந்துடும். ஒங்க கோழிக்கு மட்டும் முழுப்பேரு போடுறீங்களா?" என்று கேலி செய்தார்கள்.

கேலி செய்யாமல் யோசித்த ஒரே ஆள் றொனி முதலாளி. பதுளையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. இரத்தம் சுத்திகரிக்க வருகிறவர்கள், சீனி வியாதிக்காரர்கள், வயிற்றுப்புண்காரர்கள் என்று அந்த ரோட்டில் நடக்கிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒன்றைத் தின்னக் கூடாதவர்கள். அவர்களுக்கென்று 'பத்தியக் கோழி' என்று பலகை போட்டார். பெரிய ஸ்லோ குக்கர்கள் மூன்று கொழும்பிலிருந்து வந்தன. சமையலுக்கு ஜெசிந்தினி அக்கா. பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் ரெங்கம்மா.

மூன்று சட்டிக்கும் மூன்று நிறத்தில் டேப் ஒட்டினார் அக்கா. சிறுநீரகத்துக்கு வெள்ளை, சீனிக்கு நீலம், வயிற்றுப்புண்ணுக்கு மஞ்சள். காலை ஒன்பதுக்கு அடியில் வெங்காயமும் வெலிமடை லீக்ஸும். அதன்மேல் தோல் உரித்த கோழி. இஞ்சி, உள்ளி, சேரைப் புல், ஒரு துண்டு கறுவாப்பட்டை, தட்டிய மிளகு. மஞ்சள் டேப் சட்டிக்கு மட்டும் மிளகில்லை. ஒன்றிலும் உப்பில்லை, தண்ணீரும் இல்லை. கோழியே தன் தண்ணீரை விட்டு அதில் வேகும். வெள்ளைச் சட்டிக்காரர்களுக்கு உருளைக்கிழங்கைத் தனியாக இரண்டு தடவை அவித்து, இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் வைப்பார். கோழி ஒரு உள்ளங்கை அளவு, சாறு வடித்து. கடைசியில் தேசிக்காய் பிழிவார். நாலரை வரைக்கும் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பிவர அரை மணி நேரமாகும் என்பது அக்காவின் கணக்கு. மூன்று மணிக்கு மட்டும், கண் மூடித் திறப்பதற்குள், ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பார்.

ஐந்தரைக்குப் பார்சல் போகும். பதினாலு மாதம் ஒரு குறையும் வரவில்லை. குறை சொன்னவர்கள் ருசிக்காகத்தான் சொன்னார்கள். அதிகமாகச் சொன்னவர் ரெங்கசாமி ஐயா. ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. மலையில் ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்கிய குரல் அப்படியே இருந்தது. மகள் சுதர்ஷினியோடு டவுனில் குடியிருந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போவார். வரும்போதெல்லாம் கல்லாவில் நின்று, "முதலாளி, இது கோழியா, கோழி குளிச்ச தண்ணியா?" என்பார்.

இது றொனி முதலாளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தது. ஜெசிந்தினி அக்கா சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மீன், இறைச்சி எதையும் நாக்கில் வைக்க மாட்டார். சமைப்பார், ருசி பார்க்க மாட்டார். அதனால் மூன்று மணிக் கரண்டி ரெங்கம்மாவுக்குப் போனது. ரெங்கம்மா குடித்துப் பார்த்து, "உப்பு இல்லக்கா, மத்ததெல்லாம் இருக்கு" என்றால் சரி. அதோடு அக்கா உருளைக்கிழங்கின் இரண்டாந்தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் றொனி முதலாளி உள்ளே வந்து, மூடியைத் திறந்து, வெள்ளைச் சட்டியில் ஒரு பிடி மாசித்தூளைப் போட்டுக் கிளறினார். நாலு நாள் போட்டார்.

அவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாளில் உப்பு கூடாது என்றுதான் இருந்தது. மாசி மீன்தானே, நம் ஆட்கள் சம்பலுக்குப் போடுகிற மீன்தானே, அதில் என்ன உப்பு என்று நினைத்தார். அதை உப்பில் அவித்துத்தான் காயவைக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை.

முதல் நாளே ரெங்கசாமி ஐயா ஆள் அனுப்பினார்: "இன்னைக்குத்தான் கோழி தின்ன மாதிரி இருக்கு. ஜெசிந்தினி கைக்கு வளையல் போடணும்னு சொல்லு." இரண்டாம் நாள் இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒறுத்தல் இருந்தா கைக்கும் ஆசீர்வாதம் வரும் போல ரெங்கம்மா" என்றார். இறைச்சி முன்போல எலும்பை விட்டு வழியவில்லை, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கரண்ட் குறைவாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார். மூடியை யாரோ திறக்கிறார்கள் என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறார். புகழ்ச்சி கேட்கிற காதுக்குச் சட்டி பேசுவது கேட்கவில்லை.

மாசி தாகத்தைக் கொடுத்தது. தாகத்துக்கு ரெங்கசாமி ஐயா தண்ணீர் குடித்தார். சிறுநீரகம் கெட்ட உடம்பில் அந்தத் தண்ணீர் போக வழியில்லை, நெஞ்சில் ஏறியது. ஐந்தாம் நாள் அவரை மூச்சுக்குத் துடிக்கத் துடிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்கு, பார்சலுக்கு ஆட்கள் நிற்கும்போது, சுதர்ஷினி கடைக்குள் வந்தாள்.

"எங்கப்பா மூச்சு விட முடியாமக் கெடக்காரு. என்னத்தப் போட்டீங்க சாப்பாட்டுல?"

றொனி முதலாளி யோசிக்கக்கூட இல்லை. "நான் என்னத்தம்மா கண்டேன்? சமைக்கிறது இவங்க. நாப்பது நாளு நோம்புன்னு ருசியே பாக்காம எறக்குறாங்க. உப்பு கை தவறி விழுந்திருக்கும். குவைத்துல படிச்சேன்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்."

"நான் அடுப்படியில உப்புப் போத்தலே வைக்கிறதில்ல!" என்றார் அக்கா. "ரெங்கம்மா, சொல்லு. ருசி பாத்தது நீதானே?"

ரெங்கம்மா கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் பிழைத்தது அந்தக் கடையில்.

கூட்டத்தில் யாரோ, "நோயாளிகிட்டயா இவங்க வெளையாட்டு?" என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு அக்கா வெள்ளைச் சட்டியைக் கழுவ எடுத்தார். அடி விளிம்பில், முந்தின நாள் கழுவியும் போகாத செம்மண் மாதிரித் துகள் ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்தார். அப்படியே கல்லாவுக்குப் போய் முதலாளியின் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, "மாசி. அம்புட்டும் உப்பு" என்றார்.

முதலாளி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாசி உப்பாங்க? எனக்கு எப்புடித் தெரியும்? ருசியா இருக்கட்டும்னுதானே போட்டேன்."

"அப்ப வெளிய வந்து சொல்லுங்க."

"சொன்னா கடைய இழுத்து மூடணும். நீங்க தனி ஆளு. ஒங்களுக்கு என்ன போயிடப்போகுது?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் அக்கா இரண்டு வருடம் சுமந்தார். போனது அவருடைய பெயர். பதுளையில் அவர் கையால் ஒரு வாய் வாங்கித் தின்ன யாரும் இல்லை. பக்கத்து ஊரான எல்லவில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புத் துவைத்தார். ரெங்கசாமி ஐயா பத்தொன்பது நாளில் பிழைத்து வீடு வந்தார். அவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல அக்கா மூன்று தடவை போனார். மூன்று தடவையும் சுதர்ஷினி கதவைச் சாத்தினாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஐயா அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"றொனிய நெனைக்காம நான் ஒரு நாள் கண்ண மூடினதில்ல தம்பி" என்றார் அக்கா என்னிடம். "காதலிச்சிருந்தாக்கூட ஒருத்தன இப்புடி நெனைச்சிருக்க மாட்டேன்."

பிறகு றொனி முதலாளிக்குக் கால் வீங்கியது. சீனி வியாதியை வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகத்தில் பாதி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அதே தாளைக் கொடுத்தார்கள். மனைவி ரொஷானி சமைத்ததை அவர் வாயில் வைக்கவில்லை. ஒரு நாள் ரொஷானி, பதுளையில் அக்கா வாடகைக்கு இருந்த அறையைத் தேடி வந்தார்.

"அக்கா, அவருக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. பழச மனசுல வச்சிக்காதீங்க."

"ஏன், கடையில மாசி முடிஞ்சிடுச்சா?"

ரொஷானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அக்கா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பின்னேரம் ஆள் அனுப்புங்க" என்றார்.

குவைத்துச் சட்டியை எடுத்தார். ஆறு நாள் சமைத்தார். தவக்காலம் முடிந்திருந்ததால் தானே ருசி பார்த்தார். மிளகைத் தட்டும்போதும் தேசிக்காயைப் பிழியும்போதும் இப்படி ஒரு கவனம் கிழவிக்குக்கூட எடுத்ததில்லையாம். நாலாம் நாள் ரொஷானி சொல்லி அனுப்பினார்: "தட்டை வழிச்சுத் தின்னுறாரு. வீக்கமும் வத்திடுச்சு. செருப்புப் போடுறாரு." ஏழாம் நாள் காலையில்தான் அக்கா என் மேசைக்கு வந்தார்.

அன்று பின்னேரம் றொனி முதலாளி கேரியரைத் திறந்தபோது மேல் தட்டில் தாள் இருந்தது. நடுத்தட்டில் ஒரு பேனை. அடித்தட்டு கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. அந்தத் தாளை வாசித்துத்தான் ரொஷானிக்கும் நடந்தது தெரிந்தது.

மறுநாள் முதலாளி எனக்குப் போன் செய்தார். "டேய் பட்டதாரி, நீதான் எழுதிக் குடுத்தியா? இதுக்குத்தான் படிச்சியா?"

"இதுக்கும்தான் முதலாளி" என்றேன். இப்போதும் அந்தப் பதிலில் எனக்குக் குறை தெரியவில்லை.

பதினொரு நாள் பிடிவாதமாக இருந்தார். கடைச் சமையல்காரனை வைத்து அவிக்கச் சொன்னார், துப்பினார். ரொஷானிக்குத் தெரியாமல் கொத்து ரொட்டி தின்றார். கால் திரும்பவும் யானைக்கால் மாதிரி ஆனது. ரொஷானி வந்து அழுதார். அக்கா அசையவில்லை. ஒரு நோயாளியை இப்படி வைப்பது சரியா என்று எனக்கே ஒரு நாள் கேட்கத் தோன்றியது.

"நான் வெஷம் வைக்கல தம்பி. உப்பும் வைக்கல. சமைக்கல, அம்புட்டுத்தான்" என்றார்.

வீட்டில் வைத்துச் சொல்கிறேன் என்று முதலாளி தூது விட்டார். கோயிலில், சாமியாருக்கு முன்னால் சொல்கிறேன் என்றார். அக்கா இரண்டையும் தள்ளினார். "அன்னைக்கு எங்க வச்சுச் சொன்னானோ அங்க. அதே அஞ்சரைக்கு. கணக்கப்புள்ள ஐயாவும் வரணும்."

ஐயாவைக் கூட்டி வரும் வேலை எனக்கு. அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கியதால் சுதர்ஷினி கதவைச் சாத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை. கடையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ரெங்கசாமி ஐயாவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தோம். றொனி முதலாளி கல்லாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா" என்றார் அக்கா. "என்னையச் சொன்னப்ப ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு."

முதலாளி மறுபடி தொடங்கினார். "பத்தியக் கோழியில் மாசித்தூள் போட்டது நான். நாலு நாள் போட்டேன். ஜெசிந்தினிக்குத் தெரியாமல் மூடியைத் திறந்து போட்டேன். அதனால்தான் ரெங்கசாமி ஐயாவுக்கு நோய் கூடியது. பழியை ஜெசிந்தினி மேல் போட்டது பொய். இதை என் கடையில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்."

கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. ரெங்கசாமி ஐயா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"அடப் படுபாவி" என்றார். "அந்த நாலு நாளுதான்டா கோழி நல்லா இருந்துச்சு!"

கடை வெடித்துச் சிரித்தது. றொனி முதலாளிக்குக்கூட உதடு துடித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முகம் அப்படியே கறுத்துப் போனது.

"அந்த நாலு நாளைக்கு ஒங்களுக்குப் பத்தொம்போது நாளு ஆஸ்பத்திரி, எனக்கு ரெண்டு வருசம் ஐயா" என்றார்.

சிரிப்பு அடங்கியது. ஐயா தலையைக் குனிந்தார். "ஆமாம்மா. பஸ் ஸ்டாண்டுல நான் மொகத்தத் திருப்பினது தப்பு."

சுதர்ஷினி மெல்லக் கிட்ட வந்தாள். "அக்கா, நாளையிலேருந்து அப்பாவுக்கும்..."

"மூணு தடவ கதவச் சாத்தின. மறக்கல. வா, வரிசையில நில்லு, தாரேன்."

றொனி முதலாளி கையெழுத்தை வைத்துவிட்டுத் தாளை நீட்டினார். "இப்ப சரியா? இனி எனக்குச் சாப்பாடு வருமா?"

"வராது" என்றார் அக்கா. "நீங்கதான் வரணும். ரொஷானிய அனுப்பக் கூடாது. நீங்களே வந்து நிக்கணும்."

தன் வீட்டிலேயே அக்கா பார்சல் கொடுக்கத் தொடங்கினார். கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டினார். நான்தான் ஆணி அடித்தேன். அடித்துக்கொண்டே, "இப்ப மனசு ஆறிடுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ஆறல. ஆனா நல்லா இருக்கு" என்றார்.

ஜெசிந்தினி அக்கா இப்போது பதுளையில், ஆஸ்பத்திரிக்கு மேலே போகும் குறுக்கு ரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. ஐந்து ஸ்லோ குக்கர்களில் முப்பத்திரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு சமைக்கிறார். ரெங்கம்மா அவரோடு வேலை செய்கிறாள். ரெங்கசாமி ஐயாவுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. றொனி முதலாளி தினமும் ஐந்தரைக்கு வந்து, ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் பார்சலை வாங்கிப் போகிறார். அக்கா அவரோடு பேசுவதில்லை.